காசு பார்க்கிற ஊரில் கலை இருக்காதா?

கோயம்புத்தூரைப் பற்றி ஒரு தீர்ப்பு வெகுகாலமாக மேல்முறையீடு இல்லாமலே கிடக்கிறது. அது காசு பார்க்கிற ஊர். மில், மோட்டார் பம்பு, வெட் கிரைண்டர், ஆஸ்பத்திரி, காலேஜ், நகைக்கடை. கலை இலக்கியம் வேண்டுமென்றால் தஞ்சாவூருக்கோ மதுரைக்கோ போக வேண்டும், இல்லாவிட்டால் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போக வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. சென்னைக்காரர் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். செங்கல்பட்டைத் தாண்டினால் அவருக்கு எல்லாமே சொந்த ஊர் அல்லது சுற்றுலாத் தலம். பொறுக்க முடியாதது, கோயம்புத்தூர்க்காரரே இதைச் சொல்வது. அதையும் அவர் குறையாகச் சொல்வதில்லை, கொஞ்சம் மிடுக்காகவே சொல்கிறார். "நம்மூர்ல அதெல்லாம் ஏதுங்க? பொழப்பப் பாக்கவே நேரம் பத்தறதில்லைங்க." தன்னை உழைப்பாளி என்று காட்டிக்கொள்ள, ஊரின் பண்பாட்டையே கழித்துக் கணக்குக் காட்டுகிறவர் இவர்.

இதில் பாதி உண்மை. காசு பார்க்கிற ஊர்தான். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை. அதனாலேயே கலை இந்தப் பக்கம் அண்டாது என்று முடிக்கிற இடத்தில்தான் எனக்கு வழக்கு. என் கட்சி இதுதான்: இந்த ஊரில் கலை வந்து சேர்ந்ததே பட்டறை வழியாகவும் கடை வழியாகவும் மில் முதலாளியின் பேரேட்டு வழியாகவும். அரண்மனையும் மடமும் சபாவும் வளர்த்ததை மட்டுமே கலை என்று எண்ணிப் பழகிய கண்ணுக்கு அது புலப்படாமல் போனது.

"தென்னிந்தியாவின் மான்செஸ்டர்" என்ற பட்டத்தைப் பள்ளிக்கூடப் பாடப்புத்தகம் முதல் மேடைப் பேச்சு வரை எல்லோரும் சொல்கிறார்கள். சொல்கிறவர் மனதில் ஓடுவது புகைபோக்கி, பஞ்சு, ஆலைச் சங்கு. அசல் மான்செஸ்டரில் என்ன நடந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. 'கார்டியன்' பத்திரிகை 1821இல் பிறந்தது அந்தப் பஞ்சு நகரில்தான். 1857இல் அங்கே நடந்த கலைப் பொருட்காட்சிக்கு 13 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். அதற்காக வாத்தியக் குழு திரட்டிய சார்லஸ் ஹாலே, அதைக் கலைக்க மனமில்லாமல் அடுத்த வருடமே நிரந்தர இசைக்குழுவாக்கினார். அவர் பெயரிலேயே அந்தக் குழு இன்றும் வாசிக்கிறது. அதைக் கேட்கப் பணம் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் நூலும் துணியும் விற்றவர்கள். ஆகவே கோயம்புத்தூரை மான்செஸ்டர் என்று சொல்லி மட்டம் தட்டுகிறவர், தனக்குத் தெரியாமலே அதை வாழ்த்திக்கொண்டிருக்கிறார்.

இங்கே நடந்ததும் வேறில்லை. சாமிக்கண்ணு வின்சென்ட்டைப் பாருங்கள். கோயம்புத்தூரில் பிறந்தவர், ரயில்வேயில் வரைபடம் போடும் உத்தியோகம். 1905இல் திருச்சியில், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்ப நினைத்தபோது, அவரிடமிருந்த படம் காட்டும் எந்திரத்தையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மௌனப் படம் அந்தச் சரக்கில் ஒன்று. ரயில்வே வேலையை உதறிவிட்டுக் கூடாரமும் எந்திரமுமாக ஊர் ஊராகக் கிளம்பினார். வடக்கே லாகூர், பெஷாவர் வரைக்கும் போய்ப் படம் காட்டினார். அலைந்து முடித்து 1914இல் சொந்த ஊரில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். படம் ஓட்ட மின்சாரம் வேண்டும். அன்றைக்கு ஊரில் அது கிடையாது. எண்ணெய் எஞ்சினை வரவழைத்துத் தானே மின்சாரம் எடுத்துக்கொண்டார். மின்சாரம் கைக்கு வந்ததும் அதில் ஓடுகிற அச்சகத்தையும் போட்டார். 1933இல் கல்கத்தாக் கம்பெனி ஒன்றோடு கூட்டுச் சேர்ந்து 'வள்ளி திருமணம்' பேசும் படத்தை எடுத்தார்.

இவரைக் கலைஞர் என்பதா, வியாபாரி என்பதா, மெக்கானிக் என்பதா? வெளியூர்க்காரருக்குத்தான் இந்தக் கேள்வி வரும். மூன்றும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு திரிவது எங்கள் ஊரில் சகஜம். எஞ்சின் ஓட்டத் தெரியாத ஒரு ரசிகர் அன்றைக்குக் கோயம்புத்தூரில் இருந்து பயனில்லை. அவரால் ஒரு படத்தைக்கூடக் காட்டியிருக்க முடியாது.

பைகாரா மின்சாரம் 1930களின் தொடக்கத்தில் மலையிலிருந்து இறங்கியது. மில்கள் மளமளவென்று பெருகின. அந்தப் பணத்தில் நிலத்துக்கும் நகைக்கும் போனது போக ஒரு பங்கு சினிமாவுக்கு வந்தது. 1930களின் நடுவில் திருச்சி ரோட்டில், மில் முதலாளிகளின் முதலீட்டில் சென்ட்ரல் ஸ்டுடியோ எழுந்தது. அதில் பங்காளியாக இருந்த எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு பிறகு புலியகுளம் பக்கம் பட்சிராஜா ஸ்டுடியோவைத் தனியாக நடத்தினார். அடுத்த இருபது வருடத்தில் இந்த இரண்டு இடங்களில் நடந்ததைத் தமிழ் சினிமா வரலாற்றிலிருந்து உருவிவிட்டால் மிச்சம் பொத்தலாக இருக்கும்.

மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது சென்னை பிராட்வே தியேட்டர். படம் உருவானது சென்ட்ரல் ஸ்டுடியோவில். எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' (1947) உருவானதும் அங்கேதான். டைட்டிலில் வசன உதவி என்று மட்டும் பெயர் வந்த மு. கருணாநிதி என்ற இளைஞர் அந்தக் காலத்தில் சிங்காநல்லூரில் குடியிருந்தார். அதே வளாகத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்து, எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் இசைக்கூடத்தில் ஆர்மோனியத்தைத் தொட்டுத் தொட்டுக் கற்றுக்கொண்ட பையன் எம்.எஸ். விஸ்வநாதன். பட்சிராஜாவின் கதை இன்னும் வினோதம். நாமக்கல் கவிஞரின் நாவலை வைத்து ஸ்ரீராமுலு நாயுடு எடுத்த 'மலைக்கள்ளன்' (1954), ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் வாங்கிய முதல் தமிழ்ப் படம். அதையே தெலுங்கு, மலையாளம், கன்னடம், சிங்களம் என்று வரிசையாக மாற்றி எடுத்தார். இந்திக்கும் போனார், 'ஆசாத்' (1955). திலீப்குமாரும் மீனாகுமாரியும் அதற்காகக் கோயம்புத்தூருக்கு வந்து நடித்தார்கள். ஒரே அச்சில் ஆறு மொழிக்கு வார்த்து எடுப்பது எந்தப் புத்தி? சரக்கு உற்பத்தி தெரிந்தவனின் புத்தி. ஃபவுண்டரி ஊரில் அது வராமல் வேறெங்கே வரும்?

"அதெல்லாம் போயிற்றே. ஸ்டுடியோவும் இல்லை, ஆட்களும் இல்லை" என்பார்கள். போனது உண்மை. நடிகர், லேபரட்டரி, விநியோகஸ்தர், பைனான்சியர் எல்லோரும் ஓரிடத்தில் கூடினால்தான் சினிமாவுக்குக் கட்டுபடியாகும்; அந்த இடம் கோடம்பாக்கம் ஆனது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸுக்கும் பின்னாளில் அதே கதிதான். ஒரு தொழில் இடம் மாறியதைப் பண்பாடு இல்லாமைக்குச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றுவது, நாளைக்குச் சோமனூர்த் தறிகள் நின்றுபோனால் அந்த ஊருக்கு நெசவே தெரியாது என்று எழுதுவதைப் போன்றது.

இலக்கியத்துக்கு வருகிறேன். இங்கே எதிர்க்கட்சியின் வாதம் இன்னும் பலவீனமானது. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வந்தது. தமிழில் வட்டார நாவல் என்ற வகையே அதிலிருந்துதான் தொடங்குகிறது என்பது விமர்சகர்கள் பலரும் ஒத்துக்கொண்ட விஷயம். அந்த நாவலின் மையத்தில் காதலோ பக்தியோ இல்லை. கொழுந்தனிடம் நிலத்தில் பங்கு கேட்கிற ஒரு விதவைப் பெண். சொத்துக் கணக்கு. கொங்குச் சீமையில் ஒரு குடும்பம் எந்த இடத்தில் உடையும் என்று தெரிந்தவர் எழுதியது.

1971இல் இந்த ஊரிலிருந்து 'வானம்பாடி' பறந்தது. புவியரசு, ஞானி, முல்லை ஆதவன், அக்னிபுத்திரன், சிற்பி, மு. மேத்தா, சக்திக்கனல் என்று ஒரு கூட்டம். பள்ளி கல்லூரித் தமிழாசிரியர்கள் அதில் அதிகம். பத்திரிகைக்கு விலை போடவில்லை. விலையில்லாக் கவிமடல் என்றே அச்சடித்து ஊர் ஊராக அனுப்பினார்கள். காசைத் தவிர வேறெதுவும் தெரியாத ஊர் என்று பெயர் வாங்கிய இடத்திலிருந்து இலவசமாகக் கவிதை போனதை இந்தத் தீர்ப்புக்காரர்கள் எப்படி விளக்குவார்கள்? வானம்பாடிகளின் கவிதையில் கணிசமான பகுதி இன்றைக்கு உரத்த குரலாகவே கேட்கிறது, மேடைக்கென்றே கட்டிய வரிகள் நிறைய என்பது என் எண்ணம். அது தரத்தைப் பற்றிய சண்டை. இருந்ததா இல்லையா என்ற சண்டையில் அதைக் கொண்டுவந்து கலக்க வேண்டாம். புதுக்கவிதையைக் கல்லூரி மாணவர்கள் கையில் கொண்டுபோய்ச் சேர்த்ததில் அவர்கள் பங்கை அவர்களது எதிரிகளே மறுக்கவில்லை. மேத்தாவுக்கு 2006இலும் புவியரசுக்கு 2009இலும் சாகித்ய அகாதெமி பரிசு வந்தபோது ஊர் ஒரு நாள் பேசிவிட்டு மறந்தது.

அந்தக் கூட்டத்திலேயே தனித்து நின்றவர் கோவை ஞானி. மார்க்சியத்தையும் தமிழையும் ஒரே மேசையில் உட்கார வைக்கப் போராடிய மனிதர். நீரிழிவு கண்ணைப் பறித்த பிறகும் முப்பது வருடங்களுக்கு மேல் விமர்சனம் எழுதினார், 'நிகழ்', 'தமிழ்நேயம்' என்று இதழ் நடத்தினார். ஒருவர் வாசிப்பார், இவர் கேட்பார். இவர் சொல்வார், ஒருவர் எழுதுவார். நாவலைப் பக்கம் பக்கமாகக் காதால் வாங்கிக்கொண்டு அதன் கட்டுமானத்தைப் பற்றிப் பேசுவதற்கு எவ்வளவு நினைவாற்றல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். 2020இல் போய்விட்டார். நாஞ்சில் நாடன் வேறு மாதிரி. ஆலைகளுக்கு எந்திரமும் உதிரிபாகமும் விற்கும் கம்பெனியில் விற்பனை வேலை. மும்பையிலிருந்து மாற்றலாகி வந்து, மில் மில்லாக ஏறி இறங்கிக்கொண்டே எழுதி, கோயம்புத்தூரையே ஊராக்கிக்கொண்டவர். 2010ஆம் ஆண்டின் சாகித்ய அகாதெமி பரிசு அவருக்கு. மில்லுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கொடுக்கப் போன மனிதர் பையில் ஒரு நாவலின் கையெழுத்துப் பிரதி இருந்தது என்பதை எத்தனை பர்ச்சேஸ் மேனேஜர்கள் அறிவார்கள்?

கஸ்தூரி சீனிவாசனையும் விட்டுவிட முடியாது. தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ராவின் முதல் இயக்குநர். நூலின் முறுக்கையும் அறுபடாமல் தாங்கும் பலத்தையும் அளப்பது அவர் உத்தியோகம். அவர் நாவல் எழுதினார், திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தார், அவிநாசி ரோட்டில் ஓவியக்கூடத்தையும் ஜவுளி அருங்காட்சியகத்தையும் உண்டாக்கினார். அந்த வாசலைத் தாண்டித் தினமும் காரில் போகிறவர்கள்தான் "ஊரில் ஒரு ஆர்ட் கேலரிகூட இல்லையே" என்று அலுத்துக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன்.

இன்றைய நிலையைக் கேட்பார்கள். ராஜவீதியில், நகைக்கடைக் கூட்டத்துக்கு நடுவே, விஜயா பதிப்பகம் புத்தகம் விற்கிறது. அதன் வேலாயுதம் புத்தகக் கடைக்காரர் என்பதற்கு மேல் ஒரு வாசகர் வட்டத்தையே வளர்த்தவர். விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் 2010இல் ஆ. மாதவனுக்குக் கொடுத்துத் தொடங்கிய விருதை ஒவ்வொரு டிசம்பரிலும் இங்கேதான் கொடுக்கிறது. இலங்கை மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பை 2013இல் அழைத்துக் கௌரவித்ததும் இந்த ஊர். சில வருடங்களாக அந்த விழா நடக்கிற இடம் ஆர்.எஸ். புரம் ராஜஸ்தானி சங்க அரங்கம். மார்வாடி வியாபாரிகள் தங்கள் கல்யாணத்துக்கும் பூஜைக்கும் கட்டிக்கொண்ட மண்டபத்தில், தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்தவர்கள் இரண்டு நாள் சிறுகதையைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். டிசம்பர் குளிரில் மப்ளர் சுற்றிக்கொண்டு டீக்கு நிற்கும்போதும் அந்தச் சண்டை ஓயாது. புத்தகத் திருவிழாவை வருடம்தோறும் நடத்துவது யார்? கொடிசியா. அதாவது மாவட்டச் சிறுதொழில்காரர்களின் சங்கம். லேத்தும் வால்வும் காட்சிக்கு வைக்கக் கட்டிய கூடத்தில் கவிதைத் தொகுப்பு விற்கிறது. கோணங்கள் என்ற திரைப்படக் கழகம் ஈரானியப் படமும் ஜப்பானியப் படமும் போட்டுக்காட்டி வந்த இடத்துக்கு வழி கேட்டால், ராஜலட்சுமி மில்ஸ் ஸ்டாப்பில் இறங்கச் சொல்வார்கள். இந்த ஊரில் கலைக்கு வழி கேட்டாலே மில் பெயர்தான் அடையாளமாக வரும்.

காசின் வாடை அடிக்கிறது என்று மூக்கைப் பொத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தஞ்சாவூரைக் கலைநகரம் ஆக்கியது காவிரி நெல்லின் உபரியும் அதை வரியாக வாங்கிக்கொண்ட அரண்மனையும். சென்னை மியூசிக் அகாடமி, 1927 காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டின் தொடர்ச்சியாக 1928இல் பிறந்தது; வக்கீல்களும் டாக்டர்களும் பணம் படைத்தவர்களும் சேர்ந்து நடத்தியது. பழைய காசுக்கு வாடை போய்விடும், புதுக் காசுக்கு இருக்கும். வித்தியாசம் அவ்வளவே.

எண்ணிக்கைக்காரர்கள் ஒரு வகை. எத்தனை சபா, எத்தனை ஏசி அரங்கம், எத்தனை நாடகக் குழு என்று விரல் விடுவார்கள். அந்தக் கணக்கில் கோயம்புத்தூர் தோற்கும். தமிழிசைச் சங்கமும் பாரதிய வித்யா பவனும் நடத்தும் கச்சேரிகளை மார்கழி மாதச் சென்னையோடு நிறுத்துப் பார்த்தால் தராசு எழும்பாது. ஆனால் இரவு எட்டு மணிக்கு மேல் சூலூர்ப் பக்கமோ காரமடைப் பக்கமோ போய்ப் பாருங்கள். கோயில் முன்னால் மைதானம். மினி லாரியில் ஸ்பீக்கர். வட்டமாக நூறு பெண்கள். வள்ளிக் கும்மிப் பயிற்சி. ஒருத்தி ஷிஃப்ட் முடித்துக் கழுத்தில் கம்பெனி அட்டையோடு வந்திருப்பாள். பக்கத்தில் பத்தாம் வகுப்பு மாணவி, அவள் பக்கத்தில் அவளுடைய பாட்டி. மைக்கில் பாடுகிற ஆசிரியர் பாட்டை நிறுத்திவிட்டு, "அம்மிணி, காலு முன்னாடி போயிருச்சு, கையி அப்பறம் வருது, மறுக்கா ஆடுங்க" என்பார். மறுபடி ஆடுவார்கள். முருகனும் வள்ளியும் வேடனும் தினைப்புனமும் அந்த வட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி வரும். அரங்கேற்றத்தன்று எல்லோருக்கும் ஒரே நிறத்தில் புடவை.

ஆண்கள் மட்டும் ஆடிவந்த இந்த ஆட்டத்துக்குள் பெண்களை அழைத்துவந்தவர்களில் முக்கியமானவர் காரமடை அருகே தாசம்பாளையத்தைச் சேர்ந்த பத்திரப்பன். 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இந்தப் பயிற்சிக்கு சபா கிடையாது, விமர்சகர் கிடையாது, டிக்கெட் கிடையாது. நகரத்தின் கலைக் கணக்கில் இது எந்தக் கட்டத்திலும் ஏறாது. ஆடுகிறவர்கள் எண்ணிக்கையை எடுத்தால் தமிழ்நாட்டில் எந்த சபா ஈடுகொடுக்கும்?

கும்மியைப் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொள்வது நேர்மை ஆகாது. ஒரு சாதியின் விலாசமாக அதைச் சுருட்டி வைத்துக்கொள்ளும் முயற்சியும் மேடை போட்டு நடக்கிறது. இன்னொரு பக்கம், பத்துப் பன்னிரண்டு பேர் துடும்பு, ஜமாப்பு என்ற கொட்டுகளைக் கட்டி அடிக்கும்போது கோனியம்மன் தேர் முன்னால் நின்று பாருங்கள், ராஜவீதியின் கண்ணாடிக் கதவுகள் நடுங்கும். அந்த அடிக்குப் பின்னால் இருக்கும் தாளக் கணக்கு சாமானியமானதல்ல. அடிக்கிறவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிக் குடியிருப்புகளிலிருந்து வருகிறவர்கள். கும்மிக்கு நாளிதழில் முழுப் பக்கம் கிடைக்கிறது. இவர்களுக்கு முன்பணமும் சாப்பாட்டுப் பொட்டலமும் கிடைக்கின்றன. கோயம்புத்தூரின் பண்பாட்டில் குறை சொல்ல வேண்டுமா, இங்கே சொல்லுங்கள். நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுகிறேன்.

பழைய கல்லைத் தேடுகிறவருக்கு நகரை ஒட்டியே பேரூர் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் வழி அளகாத்ரி கட்டிய கனகசபை மண்டபத்தில், தூணோடு தூணாக ஆளுயரத்துக்கு மேல் நிற்கிற சிற்பங்கள். யானையை உரித்த சிவன், தோலைத் தலைக்கு மேல் விரித்துப் பிடித்திருக்கிறார். காலடியில் யானைத் தலை. உரித்த தோலின் தளர்ச்சியும் உரித்தவர் உடம்பின் முறுக்கும் ஒரே கல்லில் வந்திருப்பதை நிதானமாகச் சுற்றிவந்துதான் பார்க்க வேண்டும். எதிரே ஆடும் சிவனும் ஆலங்காட்டுக் காளியும். ஆனியில் அந்தக் கோயிலில் நாற்று நடவுத் திருவிழா. பாடிப் பரிசு கேட்கும் சுந்தரரிடமிருந்து தப்பிக்க சிவனும் உமையும் வயலில் இறங்கி நாற்று நட்டார்கள் என்பது தலக்கதை. கடவுளே பாட்டு வாங்கிக்கொண்டு பரிசு கொடுக்க முடியாமல் வேலையில் ஒளிந்துகொள்கிற கதையை வைத்துக்கொண்டிருக்கும் ஊர் இது. பொழப்புக்கும் பாட்டுக்கும் பகை என்று இந்த ஊரில் யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

இப்போது இன்னொரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. இவர்கள் ஊரை ஏசுவதில்லை. "இப்பத்தான் நம்மூருக்குக் கலாச்சாரம் வருது" என்று கைதட்டுகிறார்கள். உக்கடத்தில் குடியிருப்புச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள், குளக்கரையில் நடைபாதை, "ஐ லவ் கோவை" என்று எழுத்துப் பலகை, அதன் முன்னால் செல்ஃபி. ஓவியங்களில் சில நன்றாகவே இருக்கின்றன. குளக்கரையில் மாலையில் குடும்பம் குடும்பமாக நடப்பதும் நல்லதுதான். ஆனால் "இப்பத்தான் வருது" என்பது பழைய தீர்ப்பின் மறுபதிப்பு. இதுவரை இல்லை என்று ஒத்துக்கொண்டால்தானே இப்போது வருகிறது என்று சொல்ல முடியும்? 2010 ஜூனில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோதும் இதேபோல், ஊருக்கே இனிமேல்தான் தமிழ் வரப்போகிறது என்ற தோரணையில் தோரணம் கட்டினார்கள்.

எதிர்த்தரப்பில் ஒரே ஒரு குற்றச்சாட்டுக்குத்தான் என்னிடம் மறுப்பில்லை. இந்த ஊர் உண்டாக்கும், வைத்துக்கொள்ளாது. வெரைட்டி ஹால் ரோடு என்று பஸ் கண்டக்டர் முதல் எலக்ட்ரிக் சாமான் கடைக்காரர் வரை வாய் நிறையச் சொல்கிறார்கள். அந்த ஹால் என்ன, கட்டியவர் யார் என்று கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் முழிப்பார்கள். சென்ட்ரல் ஸ்டுடியோ இருந்த இடத்தையோ பட்சிராஜா இருந்த இடத்தையோ காட்டி, இங்கே இன்ன படம் எடுத்தார்கள் என்று சொல்லும் ஏற்பாடு எதுவும் இல்லை. ரோமாபுரிக் காசும் பொன் மோதிரமும் புதையலாகக் கிடைத்த ஊர் வெள்ளலூர். பாலக்காட்டுக் கணவாய் வழி நடந்த வியாபாரத்துக்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அதே வெள்ளலூர் இன்றைக்கு ஊர்வாயில் அடிபடுவது மாநகராட்சிக் குப்பைக் கிடங்குக்காக. பழைய மாடலை உருக்கிப் புதிது வார்ப்பது ஃபவுண்டரிக்கு நல்ல பழக்கம். ஊர் நினைவை அப்படிச் செய்தால் அடுத்த தலைமுறையும் "நம்மூர்ல ஏதுங்க" என்றே சொல்லும்; அதைத்தான் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறது.

  

ஆகவே புதிதாக ஒரு கன்வென்ஷன் சென்டர் வேண்டும் என்று மனுக் கொடுக்கிறவர்கள் வரிசையில் நான் இல்லை. வானம்பாடி இதழ்களையும் ஞானி நடத்திய இதழ்களையும் ஸ்கேன் செய்து யாரும் படிக்கும்படி போடுவதற்கு ஒரு அறையும் இரண்டு ஆளும் போதும். வெரைட்டி ஹால் ரோட்டில் ஒரு பழைய கட்டடத்தில் வின்சென்ட் காலத்து எந்திரம், பாட்டுப் புத்தகம், ஸ்டுடியோப் புகைப்படம் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கலாம். பழைய குடும்பங்களின் பரணில் இன்னும் நிறையக் கிடக்கின்றன. துடும்புக் குழுக்களுக்கும் கும்மி ஆசிரியர்களுக்கும் பயிற்சி செய்ய, மழைக்கு ஒதுங்க, ஒரு நிரந்தர இடம் வேண்டும். மத்திய அரசின் தேசிய ஜவுளிக் கழகமான என்.டி.சி.யின் மில்கள் 2020 ஊரடங்கிலிருந்து பூட்டிக் கிடக்கின்றன. திறக்கச் சொல்லித் தொழிலாளர்கள் கேட்பது முதல் நியாயம். ஓடவைக்க முடிந்தால் முதலில் ஓடவையுங்கள். முடியாது என்று டெல்லி கையை விரித்தால், அத்தனையையும் அடுக்குமாடிக்கு விற்றுவிடாமல் ஒரே ஒரு மில்லின் பஞ்சுக் கிட்டங்கியையாவது இந்தக் காரியத்துக்கு விடுங்கள். புலியகுளம் பக்கத்துப் பங்கஜா மில் என்றால், பட்சிராஜா இருந்த இடத்துக்குக் கூப்பிடு தூரம்.

செலவுக்கு எங்கே போவது என்று மட்டும் இந்த ஊரில் யாரும் கேட்க வேண்டாம். 1930களில் ஒரு ஸ்டுடியோவுக்குப் பங்கு போட்ட குடும்பங்களின் பேரன் பேத்திகள் இன்னும் அவிநாசி ரோட்டில்தான் ஆபீஸ் வைத்திருக்கிறார்கள். போய்க் கேட்க வேண்டும்.